வீடில்லாத மாணவருக்குப் பள்ளிச் சமூகப் பணியாளர் என்ன செய்வார்?

பள்ளிச் சமூகப் பணியாளர் பாடம் நடத்துபவர் அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு வரவிடாமல் செய்யும் வீட்டுச் சிக்கல்களைக் கவனிப்பவர். அமெரிக்காவில் இது தனி வேலை. அங்கே 1987-ல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, தங்க நிலையான இடமில்லாத பிள்ளையை முகவரிச் சான்று இல்லை என்று நிறுத்தி வைக்க முடியாது. உடனே சேர்க்க வேண்டும். இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே படிக்கலாம், போய்வர வண்டியும் கேட்கலாம். இதையெல்லாம் பெற்றோருக்குச் சொல்லி, சாப்பாடு, துணிமணி, மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டி, பிள்ளையிடம் தனியாகப் பேசுவதும் இவர் வேலை.

பழைய பள்ளியை ஏன் விடக்கூடாது? தக்காளி நாற்றை வாரம் ஒருக்காப் பிடுங்கி வேறு பாத்தியில் நட்டால் வேர் பிடிக்குமாங்க? பிள்ளையும் அப்படித்தான். பாடம் விட்டுப்போவதைவிட, தெரிந்த டீச்சரும் கூட்டாளிகளும் போய்விடுவதுதான் பெரிய இழப்பு என்பேன்.

நம் கொங்குப் பக்கம் செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் பிழைக்க வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை, வயதுச் சான்று இல்லை, டிசி வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். நடைமுறையில் தலைமையாசிரியரும் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரும்தான் அலைகிறார்கள். அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம்.

வீடில்லாதவர் என்றால் பிளாட்பாரத்தில் படுப்பவர் என்றே பலர் நினைக்கிறார்கள். வாடகை கட்ட வழியில்லாமல் மாமா வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அந்த அமெரிக்கச் சட்டத்தின் கணக்கில் வீடில்லாதவர்தான்.