வொரோனெட்ஸ் மடாலயத்தின் வெளிச்சுவர் ஓவியங்கள் மழையிலும் பனியிலும் எப்படித் தாங்கின?

முழுசாகத் தாங்கவில்லை. ருமேனியாவில் உள்ள இந்த மடாலயத்தின் வடக்குச் சுவரைப் பாருங்கள்: காற்றும் சாரலும் அடித்துப் பெரும்பகுதி வெளிறிவிட்டது.

தேவாலயத்தை மோல்டாவிய மன்னர் ஸ்டீபன் 1488-இல் நான்கே மாதத்துக்குள் கட்டி முடித்தார். வெளி ஓவியங்கள் 1547-இல்தான் வந்தன. அப்போது மேற்கே மூடிய முகமண்டபம் ஒன்றைச் சேர்த்து, வாசல்களைப் பக்கவாட்டில் வைத்தார்கள். மேற்குச் சுவரில் வாசலும் இல்லை, சன்னலும் இல்லை. இறுதித் தீர்ப்புக் காட்சி அந்தச் சுவர் முழுக்க விரிவது அதனால்தான். கெட்டிக்கார யோசனை!

மழையைத் தடுப்பது, சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும் கூரையின் இறவாணம். நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. ஈரப் பூச்சு காயுமுன் தீட்டினால், அது இறுகும்போது நிறத்தூளும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேர்பெற்ற அந்த நீலம் அசுரைட் என்ற தாமிரக் கனிமம். ஈரம் தொடர்ந்து ஏறினால் அது பச்சையாகத் திரிந்துவிடும்.