நல்ல கையைக் கட்டிவைப்பது கொடுமையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலது கை பலவீனமாகிவிட்டது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நிமிர்த்த முடிகிறது. ஆனாலும் எல்லா வேலையையும் இடது கையாலேயே செய்கிறார். சாப்பாட்டை அம்மா ஊட்டிவிடுகிறார். இடது கைக்கு உறை மாட்டி வலது கையைப் பழக்கச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். அப்பா தடுமாறுவதைப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதம் கடந்தால் கை தேறாது என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: உறையை மாட்டுங்கள். அப்பாவின் விரல்கள் நிமிர்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தப் பயிற்சிக்கு முதலில் வேண்டியது அதுதான். அசைவே இல்லாத கைக்கு இது பொருந்தாது.

பக்கவாதத்தால் மூளையில் இறந்த நரம்பணுக்கள் பிழைத்து வருவதில்லை. சேதத்தைச் சுற்றியுள்ள நலமான பகுதிகள்தான் புது இணைப்புகளை உண்டாக்கி அவற்றின் வேலையை ஏற்கின்றன. ஆனால், தானாக ஏற்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோ 1996இல் குரங்குகளிடம் இதைக் காட்டினார். மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறு சேதம் ஏற்பட்ட பிறகு பயிற்சி பெறாத குரங்குகளுக்கு, சேதமடையாத இடத்திலும் கைக்கான பரப்பு சுருங்கியது. பயிற்சி பெற்றவற்றுக்கு அது காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் முழங்கை, தோளுக்குரிய இடம்வரை விரிந்தது.

உங்கள் அப்பா இடது கையால் ஒவ்வொரு வேலையை முடிக்கும்போதும், வலது கை தேவையில்லை என்று மூளை பழகிக்கொள்கிறது. கை முடியாமல் கிடப்பது பாதி என்றால், முயலாமல் கிடப்பது மீதி. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் நல்ல கையைத் தடுக்கும் முறையை உருவாக்கினார்.

மூன்று மாதக் கணக்கை நம்பாதீர்கள். தொடக்க மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால், அந்த மாதங்களோடு கதவு அடைபடுவதில்லை. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேர் பங்கேற்றனர். இந்தப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை அணிந்து, வேலை நாட்களில் ஆறு மணி நேரம்வரை பயிற்சி செய்தனர். அவர்கள் பெற்ற முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. தினமும் பத்து நிமிடம் பந்தை அழுத்துவது இதற்கு ஈடாகாது.

அப்பாவுக்கு ஏற்ற நேரத்தைப் பிசியோதெரபிஸ்டே முடிவுசெய்யட்டும். நடக்கும்போதும், படியேறும்போதும், குளிக்கும்போதும், சூடான பாத்திரத்தின் அருகிலும் உறையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் தாங்க அந்தக் கை வேண்டும். தோள் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலைகள் அவருக்குப் பொருள் உள்ளவையாக இருக்கட்டும்: நாளிதழைப் புரட்டுவது, துண்டை மடிப்பது, கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போடுவது. எளிதாகிவிட்டால் கொஞ்சம் கடினமாக்குங்கள்.

அம்மாவிடமும் பேசுங்கள். அவர் ஊட்டுவது அன்பால்தான். விழுங்குவதில் அப்பாவுக்குச் சிரமம் இல்லையென்றால், நாளைக் காலை இட்லியைப் பிட்டுத் தட்டில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காரட்டும். அரை மணி நேரம் ஆனாலும், சட்டையெல்லாம் சட்னி ஆனாலும், அப்பாவே எடுத்துச் சாப்பிடட்டும்.