ஒரே அடிக்கு ஏன் இரண்டு வலி?

கேள்வி: டொக்டர், காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நடைபாதைக் கல்லில் பெருவிரல் இடித்துவிட்டது. முதலில் சுரீரென்று ஒரு வலி. கொஞ்சம் பிந்தி விண்விண்ணென்று இன்னொன்று. தேய்த்ததும் குறைந்தது. ஏன் இப்படி? சீனி வருத்தமுள்ள என் அம்மாவோ, விரலில் புண் இருந்தும் வலியே இல்லை என்கிறார். அது நல்லதுதானே?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அம்மாவின் விஷயம் முதலில். நல்லதல்ல, தங்கச்சி. நாளைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். ஏனென்று உங்கள் பெருவிரலை வைத்தே சொல்கிறேன்.

வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் இரண்டு வகை. மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா இழைகள் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் ஓடும். உங்கள் சுரீர் அதுதான். உறையே இல்லாத சி இழைகளோ செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டாது. பெருவிரலிலிருந்து முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கு, கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தூரம். ஆகவே விண்விண் வலி ஒரு செக்கனளவு பிந்தித்தான் வரும்.

முண்ணாணுக்குள் அடுத்த நரம்புக்கலம் செய்தியை வாங்கி, மறுபக்கம் கடந்து, மூளையின் நடுவிலுள்ள தலமஸ் என்ற பகுதி வரை ஏறுகிறது. மென்மையான தொடுகை பெரும்பாலும் வந்த பக்கமாகவே ஏறி, மூளைத்தண்டில்தான் பக்கம் மாறும். முண்ணாணின் ஒரு பாதி மட்டும் சேதமான நோயாளியை வாட்டில் பஞ்சாலும் ஊசிமுனையாலும் சோதித்தால் இது கண்ணெதிரே தெரியும்: ஒரு காலில் தொடுகை மங்கியிருக்கும், மற்றக் காலில் ஊசி குத்தினாலும் வலிக்காது. இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. தலமஸிலிருந்து செய்தி பிரிகிறது. எங்கே வலிக்கிறது என்பதை மூளைப் புறணியின் (மூளையின் வெளிப்படலத்தின்) ஒரு பகுதியும், அது எவ்வளவு வேதனை என்பதை வேறு பகுதிகளும் கவனிக்கின்றன.

தேய்த்தால் குறைவது வெறும் மனத்திருப்தி அல்ல. தேய்க்கும்போது தடித்த தொடுகை இழைகள் முண்ணாணிலேயே வலிச் செய்தியை அடக்குகின்றன. மெல்சாக், வோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-இல் சொன்ன ‘வாயில்’ கொள்கை இதுதான். விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது.

சரி, அம்மா. கனகாலச் சீனி வருத்தம் பாதத்து நரம்பிழைகளைச் சிதைக்கும். புண் இருக்கும், செய்தி முண்ணாணுக்கே போகாது. வலிக்கவில்லையே என்று அதன் மேலேயே நடப்பார். புண் ஆழமாகும், கிருமி தொற்றும். காட்டும்போது பாதத்தில் உணர்வு எவ்வளவு இருக்கிறதென்றும் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். அவருக்குக் குனிவது கஷ்டமாக இருக்கும்.