சர்ச்சுல லைட்டும் புகை மெஷினும் வேணுமா?

கேள்வி: எங்க சர்ச்ல வாலிபர்களை இழுக்கணும்னு கலர் லைட், டிரம்ஸ், புகை மெஷின், நடுநடுவே காமெடி ஸ்கிட்னு ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம் வருது, ஆனா எனக்கு மனசு ஒப்பல. நான் பழமைவாதியா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லம்மா, உங்க கேள்வி நியாயமானது. ஆனா புது முறைன்னாலே தப்புன்னு சொல்லிட முடியாது. தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1800லயே குறவஞ்சிங்கிற நாட்டிய நாடக வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார், அது அப்போ ஜனங்க ரசிச்சுப் பார்த்த கலை, இன்னைக்கு நாம பக்தியா பாடுற கீர்த்தனைகளும் கர்நாடக ராகத்துல அமைஞ்சதுதானே. ஆனா அங்க குறத்தி குறி சொல்றதும் மலைவளம் பாடுறதும் எல்லாமே கிறிஸ்துவைத்தான் காட்டும், கலை செய்திக்குள்ளயே இருந்துச்சு. இப்ப பல இடத்துல செய்தியை பத்து நிமிஷமா சுருக்கிட்டு ஷோவை ஒரு மணி நேரம் ஓட்டுறாங்க, அதுதான் எனக்கு வலிக்குது.

யோவான் 6ம் அதிகாரத்தை வாசிங்க. அப்பம் சாப்பிட்டு திருப்தியானதால தேடி வந்த கூட்டத்துக்கிட்ட இயேசு அதை நேராவே சொன்னார், உபதேசம் கடினமா இருக்குன்னு பலபேர் போனப்பவும் அவங்களைப் பிடிச்சு வைக்க இன்னொரு தடவை அப்பம் கொடுக்கல.

டிரம்ஸ் இருக்கட்டும், பிள்ளைங்க சந்தோஷமா வாசிக்கட்டும். புகை மெஷின் எதுக்குன்னு எனக்குப் புரியல, ஆஸ்துமா இருக்கிற பெரியவங்க பாடு என்ன? பாஸ்டர்கிட்ட தனியா போய், புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு வாரத்துல ஒருநாள் வேதபாடம் வைக்கலாமான்னு கேளுங்க, நீங்களே டீ போட்டு உட்கார வைங்க.