அப்பாவின் ஜனதா நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறதா?

அப்பாவின் எச்எம்டி ஜனதா, அதாவது சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம், திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது, விற்றுவிட்டு ஸ்மார்ட்வாட்ச் ஒன்றே போதுமென இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இரவில் இரண்டையும் அருகருகே வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகமே அதில்தான். ஸ்மார்ட்வாட்ச் சார்ஜர்கள் பலவற்றில் காந்தம் உண்டு. ஹேர்ஸ்பிரிங்கில் (கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பி) காந்தம் ஏறினால் அதன் மெல்லிய சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகி, அதோடு இணைந்து முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும், கடிகாரம் முந்தும்.

முள் வைத்த திசைகாட்டி ஒன்றின் மேல் கடிகாரத்தைப் பிடியுங்கள். டிக் டிக்கோடு சேர்ந்து முள் படபடத்தால் காந்தம்தான். பழுது பார்ப்பவரிடம் காந்தம் நீக்கும் கருவி இருக்கும். சில நொடி வேலை. அப்படியும் முந்தினால் சுருளில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிரித்துக் கழுவ வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்காதோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் பழைய கடிகாரங்களில் கழற்றிய பாகங்கள் கிடைக்கின்றன.

டயலுக்கு மட்டும் புது வண்ணம் அடிக்க விடாதீர்கள். என்னுடையதில் அந்தத் தவற்றைச் செய்தேன், எழுத்தே கோணலாகிவிட்டது.