மைத்துனரின் டீசல் கார் எனக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. இதுவரை பெரிய செலவு வைத்ததில்லை. அலுவலகம் வீட்டிலிருந்து 7 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை, 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருவேன். என் மைத்துனர் தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருபவர். அவருடைய ஐந்து வருட டீசல் காரை விற்கப்போகிறார். “லிட்டருக்கு 20 கொடுக்குது. வெளியாளுக்குக் கொடுக்கிறதுக்கு நீங்களே எடுத்துக்கோங்க மாமா” என்கிறார். ஓட்டிப் பார்த்தேன், இழுவை அருமை. இரண்டு வருடத்தில் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கிளைக்கு எனக்கு மாற்றல் வரலாம். இப்போதே டீசலுக்கு மாறிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போது வேண்டாம். மாற்றல் உறுதியானால் என் பதிலும் மாறும்.

முதலில் கணக்கு. பணத்தில் போடாமல் லிட்டரில் போடுவோம். எரிபொருள் விலை நாளைக்கே ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். அலுவலகம் போய்வர நாளுக்கு 14 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 350. பெற்றோர் வீட்டுப் பயணம் 400. மொத்தம் மாதம் 750, வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர். இதற்கு உங்கள் கார் 600 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. மைத்துனர் சொல்லும் 20-ஐ அப்படியே ஏற்றுக்கொண்டால் டீசல் கார் 450 லிட்டர் குடிக்கும். மிச்சம் 150 லிட்டர். உங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் டீசல் மலிவு என்றால் லாபம் இன்னும் கொஞ்சம் கூடும், விலை அதிகம் என்றால் இதுவும் தேயும்.

அடுத்து, உங்கள் காரை விற்றால் கிடைக்கும் தொகைக்கும் மைத்துனர் கேட்கும் தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் வாங்கலாம்? 1,500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுக்கவே பத்து வருடம் ஆகும். அப்போது அந்தக் காருக்கு வயது பதினைந்து. நடுவில் ஒரே ஒரு பெரிய ரிப்பேர் வந்தாலும் அந்தப் பத்து வருடம் இன்னும் நீளும்.

அந்த 20-ஐயும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் 15, ஊருக்குள் சிக்னலில் நின்று நகர்ந்ததையும் சேர்த்து வந்த 15. அவருடைய 20, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் வந்த 20. அதே காரை உங்கள் அலுவலகப் பாதையில் ஓட்டினால் அந்த எண் கிடைக்காது.

எரிபொருள் கணக்கை விடவும் எனக்குக் கவலை தருவது அந்த 7 கிலோமீட்டர்தான். ஐந்து வருட டீசல் கார் என்பதால் அதன் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்கிற துகள் வடிகட்டி இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. டீசல் புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளவும் வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. நெடுஞ்சாலையில் புகை நல்ல சூடாக வருவதால் இந்த வேலை சுலபமாக முடிந்துவிடும். ஊருக்குள் அந்தச் சூடு வராது. டீசல் இன்ஜின் வீணாக்கும் வெப்பம் குறைவு என்பதால் அது சூடாகவே நேரம் எடுக்கும். எனவே கார் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து வடிகட்டியைச் சூடாக்கும். அது முடிய பத்து, இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும்.

நீங்கள் அலுவலக வாசலுக்கு வரும்போது அது பாதியில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றபடி இருந்தும் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வழக்கத்தை விடச் சற்று ஏறியிருக்கும், முன்னால் ஃபேன் சத்தமாகச் சுற்றும், சூடேறிய வாடை அடிக்கும். அது என்னவென்று தெரியாமல் அணைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து. இப்படி அரைகுறையாக நிற்கும் ஒவ்வொரு தடவையும், எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாசனை தெரியும். நீர்த்த ஆயில் இன்ஜினையும், அதற்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவையும் சரியாகக் காக்காது. வடிகட்டி முழுவதும் அடைத்துக்கொண்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்க மறுக்கும். வடிகட்டியை மாற்றுவது சின்னச் செலவு இல்லை.

உங்கள் மாதாந்திர 400 கிலோமீட்டர் இதற்கு ஓரளவு மருந்துதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் அந்தப் பயணம் தள்ளிப்போனால்? பெற்றோரைப் பார்க்கப் போகும் நாளை வடிகட்டிக்காகத் திட்டமிடும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இழுவை பற்றி எழுதியிருந்தீர்கள். அது நிஜம்தான், உங்கள் பிரமை இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 15 முதல் 18 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். டர்போவும் சேர்வதால் 2,000 ஆர்.பி.எம். அருகிலேயே முழு இழுவை கிடைத்துவிடும். மேட்டில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். அதற்கு ஆசைப்பட்டு ஒரு காரை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் ‘மிச்சம் பிடிக்கிறேன்’ என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள்.

பராமரிப்பிலும் வித்தியாசம் உண்டு. இன்றைய டீசல் கார்களில் எரிபொருள் 2,000 பார் அளவுக்குக்கூட அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல எண்ணூறு மடங்குக்கும் மேல். அதனால் பம்பும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் விலை கூடியவை, தண்ணீரோ தூசியோ கலந்த டீசலைத் தாங்காதவை. டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். அப்புறம், பெட்ரோல் காரிலிருந்து மாறும் குடும்பங்களில் ஒரு தவறு நடக்கும்: பழக்கதோஷத்தில் பங்கில் “பெட்ரோல்” என்று சொல்லிவிடுவது. பெட்ரோல் குழாயின் மூக்கு மெலிதாக இருப்பதால் டீசல் டாங்கில் தடையில்லாமல் நுழைந்துவிடும். அப்படி நடந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி ஓரம் கட்டி, டாங்கைக் காலி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்தால் கரித்துகள் வெகுவாகக் குறையும். ஊருக்குள் மட்டும் ஓடி வடிகட்டியைக் கெடுத்துக்கொண்ட வண்டிதான் தெருவில் நடப்பவர்களுக்குக் கெடுதல்.

சரி, மாற்றல் வந்தால்? வீட்டையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வதாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். இங்கிருந்தே போய்வருவதானால் நாளுக்கு 120 கிலோமீட்டர். பெற்றோர் வீட்டுப் பயணத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 40,000 கிலோமீட்டரைத் தாண்டும். அப்போது மிச்சம் 150 லிட்டர் இல்லை, 680 லிட்டர். தினமும் நல்ல சாலையில் நீண்ட ஓட்டம் என்பதால் வடிகட்டிக் கவலையும் போய்விடும். அந்த நிலைமைக்கு டீசல் பொருத்தமான வண்டி, தயங்காமல் வாங்கலாம்.

மைத்துனரிடம் “இப்போதைக்கு என் ஓட்டம் உங்கள் வண்டிக்குப் பத்தாது” என்று சொல்லுங்கள். அதில் அவர் மனவருத்தப்பட ஒன்றுமில்லை. உறவில் வாங்கிய வண்டி ஆறாம் மாதம் செலவு வைத்தால்தான் இரண்டு பக்கமும் சங்கடம்.

இரண்டு வருடம் கழித்து அவருடையதையோ வேறொன்றையோ பார்க்கப் போனால், காலையில் யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்விடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் தடுமாறாமல் பிடிக்கிறதா, புகை நிற்காமல் வருகிறதா என்று கவனியுங்கள். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று சர்வீஸ் பில்லில் பாருங்கள். வடிகட்டி உள்ள வண்டிக்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்றியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, விரலில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி சைலன்சர் வாய்க்குள் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருக்கும் காரில் துணி பெரிதாக அழுக்காகாது. கன்னங்கரேல் என்று வந்தால், வடிகட்டி உடைந்திருக்கலாம் அல்லது யாரோ கழற்றியே போட்டிருக்கலாம். விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.