கொலை நடந்த வழியில் நடக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது சஃபோக் பக்கம் போல்ஸ்டெட் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். 1827-இல் அங்கே நடந்த 'சிவப்புக் களஞ்சியக் கொலை'யின் இடங்களை, கையில் ஒரு வழித்தாளோடு நாங்களே நடந்து பார்த்தோம். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் 60 வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் ஒரு வெட்டு விழுந்தது. அதற்கும் இப்படி ஒரு தாள் போடலாமே என்று பையன்கள் கேட்கிறார்கள். போடலாமா?

மு., காவேரிப்பட்டணம்

அன்புள்ள மு.,

அங்கே எதைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே. பார்க்க அதிகம் மிஞ்சியிருக்காது. களஞ்சியத்தின் பலகைகளை வந்த கூட்டம் அப்போதே ஞாபகப்பொருளாகப் பிய்த்துப் போனது. மிச்சம் 1842-இல் எரிந்தது. கொலையுண்ட மரியா மார்ட்டனின் கல்லறைக் கல்லையும் சில்லு சில்லாகப் பெயர்த்தே தீர்த்துவிட்டார்கள். கொன்ற வில்லியம் கார்டர் மட்டும் பத்திரமாக இருக்கிறான். 1828 ஆகஸ்டில் தூக்கிலிட்ட பிறகு அவன் தோலைப் பதப்படுத்தி, வழக்கு விவரம் அச்சான புத்தகத்துக்கு மேலுறை போட்டார்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

நடப்பதில் பலன் இல்லாமலும் இல்லை. உன்னைக் கைது செய்யப் போகிறார்கள் என்று மரியாவை மிரட்டி, ஆண் உடுப்பில் வரச் சொன்னான் கார்டர். கல்யாணம் செய்துகொள்வதாகவும் வாக்கு. வீட்டிலிருந்து களஞ்சியம் ஏறக்குறைய அரை மைல். படிக்கும்போது ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். நடந்தால், பழக்கமில்லாத கால்சட்டையோடு அவள் அந்தப் பத்து நிமிஷம் நடந்தது உறைக்கும். அவள் அப்பாவுக்கு வயல்களில் அகழெலி பிடிக்கும் வேலை. 11 மாதம் கழித்து, அந்த வேலைக்கான கூர்க்கம்பியால் களஞ்சியத் தரையைக் குத்திப் பார்த்துத்தான் மகளைக் கண்டெடுத்தார்.

நம் பக்கமும் வெட்டுக்குத்துக்குக் கல் நட்டவர்கள்தான். தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பாருங்கள். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ப் 'பட்டான்' என்று எழுதியிருக்கும். வில்லும் கத்தியுமாகக் கல்லில் நிற்பவன் செத்தவன். கேழ்வரகுக் காட்டோரங்களில் பல கற்கள் வேடியப்பனாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. (சின்ன வயதில் எங்கள் வேடியப்பனின் வில்லைத் தடவிப் பார்த்துப் பாட்டியிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.)

உங்கள் ஏரிக்கரைக் கதை வேறு. 60 வருஷம் என்றால் வெட்டியவர் பேரனும் வெட்டுப்பட்டவர் பேரனும் இன்றைக்கு ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்பார்கள். தாளில் 'இந்த வரப்பில்தான்' என்று அம்புக்குறி போட்டால் அது யார் வரப்பு என்று ஊருக்கே தெரியும். வேண்டாம். போல்ஸ்டெட்டுக்கு 200 வருஷ இடைவெளி இருக்கிறது.

பையன்களின் கால் சும்மா இருக்காது என்றால், ஏரியைச் சுற்றி நடுகல் ஏதாவது சாய்ந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகட்டும். சாய்வெயிலில்தான் எழுத்து கண்ணில் படும். கல்லைச் சுரண்ட வேண்டாம். எண்ணெய் மினுங்கினால் பூசாரியைக் கேட்காமல் தொடவும் வேண்டாம்.